எதிர்த்திசையில் எடுத்த அளவு

லிண்டெனாவ், 12 மார்ச் 1985

அன்புள்ள ரோஸ்வித்தா,

ஒன்றரை வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்று எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நீயே ஊகித்திருப்பாய். உன்னிடம் எதை மறைப்பது? காரியம் இருக்கிறது.

நீ வளர்த்த படிக வில்லை எண் 217-இன் மறுபாதி உன்னிடம் இருக்கிறது. நீ ஆய்வகத்தை விட்டுப் போன அன்று டைரக்டர் ஹோல்ட்காம்ப் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்தது. அது எனக்கு வேண்டும்.

நம் கட்டுரையின் நிலைமை சரியில்லை. அந்தப் படிகத்துக்குள் ஒரே தளத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள்மேல் செங்குத்தாகக் காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால், எட்டு டெஸ்லாவைத் தாண்டியதும் மின்தடை ஒரு பள்ளத்தில் விழுகிறது என்று எழுதினோமே. டோக்கியோவில் அந்தப் பள்ளத்தைத் தேடினார்கள், காணவில்லை. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தேடின, காணவில்லை. அவர்களுக்குப் படிகம் வளர்க்கத் தெரியவில்லை என்று முதலில் சிரித்தேன். பிறகு என் பாதியிலிருந்து வெட்டிய துண்டுகளை நானே மறுபடி குளிர்வித்து அளந்தேன். ஆறு டெஸ்லாவில் உலகமே பார்க்கும் பள்ளம் ஒழுங்காக வருகிறது. எட்டில் ஒன்றுமில்லை. அன்று நாம் அளந்த துண்டோ பிப்ரவரியில் கம்பி பற்றவைக்கும்போது என் கையிலேயே உடைந்துபோயிற்று. மிச்சமிருந்தவை ஓரத்துத் துண்டுகள். வில்லையின் நல்ல நடுப்பகுதி உன் பாதியில்தான் இருக்கிறது.

மே 20 அன்று வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கான தேர்வுக் குழு முன் நிற்கிறேன். குழுவில் ஒருவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "அந்தப் பள்ளத்த இன்னொரு தடவ காட்டிடுங்க பிராமர், நாற்காலி உங்களுக்குத்தான்."

உன்னைப்போல் படிகம் வளர்க்க இங்கே யாரும் இல்லை, ரோஸி. அந்த ஆய்வக விழாவில் கையோடு கை பின்னி ஆளுக்கொரு கோப்பை அருந்தி, இனிமேல் நீ, நான் என்றே பேசிக்கொள்வோம் என்றோமே, அந்த உரிமையில் கேட்கிறேன். அம்மா நலமா?

உன்,
எக்கார்ட்


ரோய்ட்லிங்கன், 19 மார்ச் 1985

மதிப்பிற்குரிய முனைவர் பிராமர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "நம் கட்டுரை" என்று இரண்டு வரிக்கு ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். என்னிடமுள்ள பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மேலே பிராமர், ஹோல்ட்காம்ப் என்று இரண்டு பெயர்கள். கடைசி வரியில் "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி". யாருக்கு நன்றி என்று போடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், என் பெயர் இல்லை. ஆகவே அது உங்கள் கட்டுரை. நாம் சேர்ந்து அருந்திய கோப்பையும் அந்த நன்றியோடு முடிந்துவிட்டது. இனி நீங்கள், நான்.

அம்மா நலம் விசாரித்தீர்கள். இருக்கிறார். நான் 217-ஐ வளர்த்த அந்த ஆறு வாரமும், "உன் பேரு அச்சுல வருமாமே, எப்போ வரும்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் மாடிப்படி பெருக்குவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை; முறை வந்து அதற்கான பலகை எங்கள் கதவில் தொங்கினால், ஒவ்வொரு படியிலும் நின்று அதையே அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார். கட்டுரை வெளிவந்த பிறகு நான்கு மாதம் நான்தான் படி பெருக்கினேன். அவர் கதவைத் திறக்கவில்லை.

நான் இப்போது இங்கே ஒரு சிறிய கூடத்தில் வேலை செய்கிறேன். மின்தடைப் பெட்டிகளை அளந்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி அனுப்புவோம். முதலாளி திரு. ஊல்மர் தன் மனைவி சொல்லும் மணியைக்கூட இரண்டு கடிகாரத்தில் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். என் அளவை மட்டும் அவர் திரும்பப் பார்ப்பதில்லை. பிரதான அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

வில்லை பத்திரமாக இருக்கிறது. தருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. 3 அக்டோபர் 1983, திங்கட்கிழமை. உங்கள் புகழ்பெற்ற பள்ளத்தை நாம் அளந்த நாள். காந்தப்புலத்தின் நேர்த்திசை அளவைக் காலையில் நீங்கள் எடுத்தீர்கள். எதிர்த்திசை அளவை மதியம் நான் எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே, மதிய உணவுக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?

யோசித்துப் பதில் எழுதுங்கள்.

ரோ. கீன்ஸ்லே


லிண்டெனாவ், 25 மார்ச் 1985

அன்புள்ள ரோஸ்வித்தா,

இது என்ன விளையாட்டு? என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, நீ சாப்பாட்டுப் பட்டியல் கேட்கிறாய்.

சரி, கேட்டதால் சொல்கிறேன். உணவுக்கூடத்தில் அன்று பருப்பும் முட்டை நூடுல்ஸும். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் சாப்பிடப் போகவில்லை. டைரக்டரின் மருமகள், அவர் தங்கை மகள், அன்று ஆய்வகம் பார்க்க வந்திருந்தாள். டைரக்டர் என்னைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அவள்தான் அன்னெகிரெட். அடுத்த வருடம் எங்களுக்குத் திருமணம் ஆயிற்று, ஜூலையில் குழந்தை பிறக்க இருக்கிறது. அந்த நாளை நான் மறப்பேனா? பசியோடு இருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. இதுதான் உன்னைக் குத்துகிறதா? அப்படியென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம்.

பெயர் விஷயம். அது வழக்கம், நான் ஏற்படுத்தியது அல்ல. டைரக்டர் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். அப்போது எனக்கு நிரந்தர வேலைகூட இல்லை, அவரை எதிர்த்துப் பேசும் நிலையில் நான் இருந்தேனா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வில்லை ஆய்வகத்தின் சொத்து. கையெழுத்து இருந்தாலும் அதைக் கேட்டு வாங்க வழிகள் உண்டு என்று வக்கீல் சொல்கிறார். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை.

எக்கார்ட்


ரோய்ட்லிங்கன், 29 மார்ச் 1985

மதிப்பிற்குரிய முனைவர் பிராமர் அவர்களுக்கு,

வக்கீலுக்கு வேலை வைக்க வேண்டாம். வில்லையை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நடுப்பகுதி முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. பின்புறம் என் கையெழுத்தில் 217 என்று இருக்கும். வேறு வில்லையைத் தந்து ஏமாற்றிவிட்டேன் என்று பிறகு நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நிதானமாகக் குளிர்வியுங்கள். இரண்டு திசையிலும் பூஜ்யத்திலிருந்து பத்து டெஸ்லாவரை முழுதாக அளவுகளை எடுங்கள். குளிர்விக்கும் ஹீலியம் தீர்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டு அளவுக்கும் நடுவே யாருக்கும் எதையும் சுற்றிக் காட்டாதீர்கள்.

அன்னெகிரெட் அம்மையார்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அன்று அவர் என்னிடம் மட்டும்தான் கைகுலுக்கிப் பெயர் கேட்டார்.

ரோ. கீன்ஸ்லே


லிண்டெனாவ், 27 ஏப்ரல் 1985

ரோஸ்வித்தா,

மூன்று துண்டுகள். மூன்று முறை குளிர்வித்தேன். நீ சொன்னபடியே இரண்டு திசையும் முழுதாக. ஆறு டெஸ்லாவில் அழகான பள்ளம். அதற்கு மேல் வழவழவென்று ஏறிக்கொண்டே போகிறது கோடு. எட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

இன்று காலை அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்னெகிரெட் சாப்பாடு கொண்டுவந்தாள். "பள்ளம் எங்கேங்க?" என்று கேட்டாள். "இல்லடி." "அன்னிக்கி இருந்துச்சே?"

உனக்கு ஏதோ தெரியும். சாப்பாட்டுக் கேள்வியை வேடிக்கை என்று நினைத்தேன், இப்போது தூங்க விடாமல் அதுவே குடைகிறது. வில்லை அசல்தான், உன் கையெழுத்து எனக்குத் தெரியும். அளந்தவிதத்தில்தான் ஏதோ இருக்கிறது. என்ன நடந்தது அன்று? இன்னும் இருபத்து மூன்று நாள். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே எழுதுகிறேன், நீ சந்தோஷப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். சொல்லிவிடு.

எக்கார்ட்


ரோய்ட்லிங்கன், 2 மே 1985

மதிப்பிற்குரிய முனைவர் பிராமர் அவர்களுக்கு,

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன். உங்கள் கடிதத்தைக் காப்பியோடு ஒருமுறை, காப்பி தீர்ந்த பிறகு ஒருமுறை படித்தேன்.

சொல்கிறேன், கேளுங்கள்.

ஏன் இரண்டு திசையிலும் அளக்கிறோம்? துண்டில் நாம் பற்றவைக்கும் கம்பிகள் ஒருபோதும் நேருக்கு நேர் அமைவதில்லை. மயிரிழை விலகினாலும், குறுக்கே எழும் மின்னழுத்தம் கொஞ்சம் நம் அளவில் கசிந்துவிடும். காந்தப்புலத்தைத் திருப்பினால் அந்தக் கசிவின் குறி மாறும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கசிவு அடிபட்டுப்போகும், மின்தடை மட்டும் மிஞ்சும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கூட்டிப் பாதியாக்கும் இரண்டு அளவும் ஒரே துண்டின் அளவாக இருக்க வேண்டும். ஒரே நிலையில் இருக்கும் அதே துண்டு.

குளிர்குடுவைக்குள் துண்டுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் குறுவிளக்கு இருக்கிறதே. குளிரில் அதை நான்கு வினாடி எரித்தால் படிகத்தில் எலக்ட்ரான்கள் கூடிவிடும். விளக்கை அணைத்தாலும் குறையாது. அறைச் சூட்டுக்குக் கொண்டுவரும்வரை அந்த வெளிச்சத்தை அது மறக்காது. நீங்களே எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்.

அன்று மதியம் நீங்கள் அன்னெகிரெட் அம்மையாரைக் குடுவைக்குக் கூட்டிவந்தீர்கள். அவருக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு இரும்பு உருளை. அவர் முகம் வாடியது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "இங்க பாருங்க, உள்ள ஒரு குட்டி நட்சத்திரம் வெச்சிருக்கேன்." மேல் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினீர்கள். அவர் சிரித்தார். நான் வாய் திறந்தேன். "ஹெர் பிராமர், அளவு இன்னும்..." என்று ஆரம்பித்தேன். விருந்தாளி முன்னால் உங்களை அப்படி மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். நீங்கள் கையைக் காட்டினீர்கள். "அப்புறம் ரோஸி, அப்புறம்."

பதிவேட்டில் எழுதினேன். 12.50, சிவப்பு விளக்கு, நான்கு வினாடி, எ.பி., விருந்தாளிக்காக. பிறகு திரும்பி வந்து, ஹீலியம் குறைவு, எதிர்த்திசையில் ஏழு டெஸ்லாவுக்கு மேல் மட்டும் எடு என்றீர்கள். எடுத்தேன். கீழ்ப்பாதியையும் எடுத்திருந்தால் எலக்ட்ரான்கள் மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பது அப்போதே தெரிந்திருக்கும். எலக்ட்ரான் கூடினால் பள்ளம் நகர்ந்து மேலே போகும். ஆறில் இருக்க வேண்டிய அந்தப் பழைய பள்ளமே எட்டில் வந்து உட்கார்ந்தது. நீங்கள் அதைக் காலை அளவோடு கூட்டிப் பாதியாக்கினீர்கள். உலகத்தில் யாரும் காணாத பள்ளம் கிடைத்தது.

மாலையில் வழக்கப்படி பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். நீங்கள் படிக்காமல் இட்டீர்கள். அவசரம், அவரைச் சாப்பிட அழைத்திருந்தீர்கள்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, நீங்கள் வரைந்த கோட்டைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு ஓடிவந்தேன். ஓடித்தான் வந்தேன். மேஜைமேல் கட்டுரையின் முதல் பக்கம் தட்டச்சாகிக் கிடந்தது.

"என் பேரு?" என்று கேட்டேன்.

"கடைசில நன்றின்னு போட்டிருக்கேன் பாரு."

"அதுல பேரே இல்லையே."

"லேப் அசிஸ்டென்ட் பேரெல்லாம் மேல போடற வழக்கம் இல்ல ரோஸி. இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத." பிறகு என் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தீர்கள். "வேற ஏதாச்சும் சொல்ல வந்தியா?"

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் வேறொன்றும் செய்யவில்லை. நீங்கள் மேடை மேடையாகப் போய் அந்தப் பள்ளத்தைக் காட்டுவதைப் பத்திரிகையில் படித்தேன். ஒவ்வொரு மேடைக்கும் ஓரடி மேலே ஏறுகிறீர்கள், விழும்போது நன்றாக விழுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வரி எழுதினால் போதும், உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். எழுத மனம் வரவில்லை. வேண்டுமென்றேதான்.

அந்தப் பக்கத்தின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது, உங்கள் கையெழுத்தோடு. மே 20-க்குள் கட்டுரையை நீங்களே திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் குழுவுக்குப் போகும்.

ரோ. கீன்ஸ்லே


லிண்டெனாவ், 3 ஜூன் 1985

மதிப்பிற்குரிய செல்வி கீன்ஸ்லே அவர்களுக்கு,

குழு முன் நின்றேன். பள்ளம் இல்லை என்று நானே சொன்னேன். எதிரே ஏழு பேர். தொலைபேசியில் நாற்காலி எனக்குத்தான் என்றவர் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவர், "ரயில் எத்தன மணிக்கு, டாக்டர் பிராமர்?" என்றார். இங்கே என் ஒப்பந்தத்தை டைரக்டர் புதுப்பிக்கவில்லை. மருமகன் என்ற தயவில் செப்டம்பர்வரை அறையை வைத்துக்கொள்ளலாமாம். நீங்கள் விரும்பியபடியே விழுந்தேன், நல்ல உயரத்திலிருந்து.

கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பை இதழுக்கு அனுப்பிவிட்டேன். அக்டோபர் இதழில் வரும். அதில் ஒரு வாக்கியத்தை உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

"எதிர்த்திசை அளவை எடுத்தவர் ரோஸ்வித்தா கீன்ஸ்லே, இரு அளவுகளுக்கும் இடையே விளக்கு எரிக்கப்பட்டதையும் அதன் விளைவையும் கட்டுரை வெளிவரும் முன்பே அறிந்திருந்தும் அவர் தெரிவிக்கவில்லை என்பதைப் பின்னர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்."

ஆதாரம் கேட்டார்கள். உங்கள் மே 2 கடிதத்தை அனுப்பினேன். அவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி.

அச்சில் பெயர் வர வேண்டும் என்று விரும்பினீர்கள். வருகிறது. முழுப் பெயர், சுருக்கம்கூட இல்லை. உலகத்தில் எந்த நூலகத்தில் என் அவமானத்தை எடுத்தாலும் உங்கள் பெயரும் கூடவே வரும். படிப்பவர்களில் யாரோ ஒருவன் என்றாவது உங்கள் திரு. ஊல்மருக்கு அதைக் காட்டாமல் இருக்கமாட்டான். காட்ட ஆள் இல்லையென்றால் ஒரு பிரதியை நானே அனுப்பிவைக்கிறேன்.

எ. பிராமர்


ரோய்ட்லிங்கன், 25 அக்டோபர் 1985

எக்கார்ட்,

உன்னை இனி நீ என்றே எழுதலாம் என்று தோன்றுகிறது. ஒருவரையொருவர் இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு மரியாதை எதற்கு?

ஊல்மருக்கு நீ அனுப்பிய பிரதி போன வாரம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தான்."

"தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"ஆமா."

"அவரு உங்களுக்குப் பண்ணது அநியாயம். அத நான் ஒத்துக்கறேன்." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆனா நான் இனிமே உங்க அளவ ரெண்டாவது தடவ பாக்க வேண்டியிருக்கும். அது நம்ம ரெண்டு பேருக்குமே நல்லா இருக்காது." சாவிக்காகக் கையை நீட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமையிலிருந்து செவித்துணைக் கருவி செய்யும் தொழிற்சாலையில் கம்பி பற்றவைக்கிறேன். கையோட்டம் போகவில்லை.

விளக்கு "எரிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். யார் எரித்தது என்று எழுதவில்லை. அந்தத் திறமை உனக்கு எப்போதும் உண்டு. கார்பன் பிரதியை இதழுக்கு அனுப்பலாம் என்று மூன்று முறை உறையில் போட்டேன், மூன்று முறை எடுத்தேன். கடைசியில் இன்னொரு யோசனை வந்தது. அந்தப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், குழந்தை பிறந்ததற்கு என் பரிசு. அன்னெகிரெட்டிடம் கொடு. அவள் முதன்முதலாக உன்னோடு சிரித்த நேரம், மணி நிமிடத்தோடு அதில் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு என்ன விலை ஆயிற்று என்பது தெரியவேண்டுமென்றால் அவளே உன்னைக் கேட்பாள். நீ மறைக்காமல் கொடுப்பாயா என்று பார்க்க நான் அங்கே இருக்கமாட்டேன். இருந்திருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது.

இதழை நகர நூலகத்தில் எடுத்தேன். என் பெயரை ஐந்து முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஆறாவது முறைதான் அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்தேன். அந்த ஐந்து முறையும் எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அது உனக்குப் போய்ச் சேர வேண்டாம்.

அந்த ஆங்கில இதழ்ப் பக்கத்தின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். என் தப்புதான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். நான் வெளியே வரும்போது தெருமுனைக் கடைக்குப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "ஏண்டி, வந்துடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எதிர்த்திசை அளவை எடுத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறது என்றேன். அதுவரைக்கும் பொய் இல்லை.

இந்த வாரம் படி பெருக்கும் பலகை எங்கள் கதவில் தொங்குகிறது. அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு. அந்தச் சட்டம் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. கீழ்ப்படியில் யாரோடோ பேசும் சத்தம் கேட்கிறது, மேலே கூட்டிவருகிறார் என்று நினைக்கிறேன். மூன்றாம் மாடியில் ஒரு ஆங்கில ஆசிரியை குடியிருக்கிறாள்.

ரோஸ்வித்தா